குடல் படமும் கக்கூஸ் வரிசையும்

(மும்பை தாராவியில் தமிழர்களுக்காக நடந்த மருத்துவ விளக்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற எக்ஸ்ரே தொழில்நுட்பர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நோட்டீசில் ‘குடல் பரிசோதனையும் முன்தயாரிப்பும்’ என்று கௌரவமாக அச்சிட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவது பெரும்பாலும் கக்கூஸைப் பற்றி. முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். என் உத்தியோக காலம் முழுவதும் எக்ஸ்ரே அறையிலும் சி.டி. அறையிலுமே கழிந்தது. குடலைப் படம் எடுக்க வந்து எடுக்காமலே திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மிஷின் பழுதாகித் திரும்பியவர்கள் கொஞ்சம். குடல் சுத்தமாகவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம். அவர்களில் நம்ம தாராவி ஆட்கள் அடிக்கடி இருந்தார்கள். அது ஏன் என்று நான் கண்டதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

சோம்பல் காரணம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாததும் காரணம் இல்லை. டாக்டர் கொடுக்கும் சீட்டில் என்ன இருக்கும்? பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாலை ஏழு மணிக்குப் பாதியும் விடியற்காலை ஐந்து மணிக்கு மீதியும் குடிக்கவும், பல முறை பேதியாகும், பயப்பட வேண்டாம். அவ்வளவுதான். எங்கே போய் வெளிக்கு இருப்பது என்று அந்தச் சீட்டு சொல்லாது. அதை எழுதியவர் மனதில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குள்ளேயே கதவு போட்ட கக்கூஸ் இருக்கிறது, குழாயைத் திருப்பினால் தண்ணீர் வருகிறது, விளக்கு எரிகிறது. பத்துக்குப் பதினைந்து அடி ஒற்றை அறைக் கோலியில் ஆறு பேர் படுத்திருக்க, அவர்களைத் தாண்டி, சந்தைத் தாண்டி, டப்பாவோடு போய் வரிசையில் நிற்கிற வீடு அவர் மனதில் வரவில்லை.

ஒரு ஆச்சி வந்திருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து பேரன் பேத்தி எடுத்தவர். பல மாதமாக மலத்தில் ரத்தம். மூலம் என்று கைவைத்தியம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் சோதனைக்குச் சம்மதித்திருக்கிறார். மேசையில் படுக்க வைத்துப் பார்த்தால் குடல் நிறைய மலம். டாக்டர் சத்தம் போட்டார். ஆச்சி பதில் பேசவில்லை. வெளியே வந்து ஆயாம்மாவிடம் மட்டும் சொன்னாராம்: பாதியைக் குடித்தேன், மீதியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். மகனுக்கு ராத்திரி வேலை, மருமகள் நிறைமாதக்காரி, சந்து முனையில் குடிகாரர்கள். பதினொரு மணிக்கு மேல் எத்தனை தடவை தனியாக நடப்பது? இவ்வளவு நியாயமான காரணத்தை வேறு எந்த நோயாளியிடமும் நான் கேட்டதில்லை. ஆனால் கேஸ் பேப்பரில் ‘தயாரிப்பு போதாது’ என்று மட்டும்தான் ஏறியது.

சரி, இந்தச் சோதனைகள் என்னென்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த வருஷமே ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர், விழுங்கிய பொருள் எப்படி இறங்குகிறது என்று பிராணிகளிடம் எக்ஸ்ரே வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும், குடல் தெரியாது. அதனால் பிஸ்மத் உப்பைத் தீனியில் கலந்து கொடுத்தார். பிஸ்மத் போன வழியெல்லாம் நிழலாக விழுந்தது. 1910 வாக்கில் அதன் இடத்துக்கு பேரியம் சல்பேட் வந்தது. பேரியத்தின் மற்ற உப்புகள் விஷம், அதில் ஒன்று எலி மருந்தாகவே பயன்பட்டது. சல்பேட் மட்டும் வயிற்றுக்குள் கரையாது, ரத்தத்தில் சேராது, சுண்ணாம்புக் குழம்பு மாதிரி உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும். வாய் வழியாகக் குடித்தால் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் தெரியும். ஆசனவாய் வழியாக எனிமாவாக ஏற்றினால் பெருங்குடல் தெரியும். பிறகு எனிமாவோடு காற்றையும் ஏற்றி, குடல் சுவரில் மெல்லிய பூச்சாகப் படியவைத்துப் படம் எடுக்கும் முறை 1920களில் வந்தது. என் காலத்து ஆட்களுக்கு அதுதான் அன்றாட வேலை.

இப்போது பேரியம் எனிமா அபூர்வமாகிவிட்டது. குழாயில் கேமரா வைத்து உள்ளே பார்க்கிற கொலோனோஸ்கோப்பி வந்துவிட்டது. 1994இல் அமெரிக்காவில் டேவிட் வைனிங் என்ற எக்ஸ்ரே மருத்துவர், சி.டி. படங்களை வைத்தே பெருங்குடலுக்குள் நடந்து பார்க்கிற மாதிரி காட்டினார். அதைத்தான் சி.டி. கொலோனோகிராபி என்கிறார்கள். ஆசனவாயில் சின்னக் குழாய் வைத்துக் காற்றோ கார்பன் டை ஆக்சைடோ நிரப்பி, மல்லாக்க ஒரு தடவை, குப்புற ஒரு தடவை படம் எடுப்பார்கள். கால் மணி நேர வேலை, மயக்க மருந்து கிடையாது. கட்டி மாதிரி ஏதாவது தெரிந்தால் அதை எடுக்கவும் சதை வெட்டிச் சோதிக்கவும் பிறகு கொலோனோஸ்கோப்பிதான் வேண்டும். சிறுகுடலைப் பார்க்க சி.டி. என்டரோகிராபி. அதன் கதை வேறு, பின்னால் வருகிறேன்.

தாராவியில் இந்தச் சோதனைகளை எழுதுவதற்குப் புற்றுநோய்ச் சந்தேகம் மட்டும் காரணம் இல்லை. டி.பி. நுரையீரலோடு நிற்காது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடம் வலது பக்க அடிவயிற்றில் இருக்கிறது. குடல் டி.பி. பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். விட்டு விட்டு வயிற்று வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு. கிரோன் நோய் என்ற இன்னொன்றும் அதே இடத்தில் அதே மாதிரி இருக்கும். புற்றும் சில சமயம் அப்படியே தெரியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கிரோனுக்குக் கொடுக்கிற மருந்தை டி.பி.காரருக்குக் கொடுத்தால் டி.பி. பரவிவிடலாம். குடல் டி.பி. என்று உறுதியானால் வழக்கமாக ஆறு மாத மருந்தில் குணமாகும், அந்த மருந்தை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. ஆகையால் படம் சரியாக விழுவது வாழ்வா சாவா என்கிற விஷயம்.

குடல் ஏன் அப்படிக் கழுவி விட்ட மாதிரி இருக்க வேண்டும்? பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளம், மடிப்பு மடிப்பாக இருக்கும். அதன் சுவரில் முளைக்கிற பாலிப் ஆறு மில்லிமீட்டர் இருந்தாலே டாக்டர் கவனிப்பார். ஒட்டிக்கொண்டிருக்கிற மலத் துணுக்கும் அதே அளவு, அதே உருண்டை. வெள்ளை அரிசியில் வெள்ளைக் கல் தேடுகிற வேலை அது. மலம் இருந்தால் இல்லாத கட்டி இருப்பதாகத் தெரியும், இருக்கிற கட்டி மறைந்துவிடும். அதனால்தான் சில இடங்களில் முந்தின நாளே கொஞ்சம் பேரியமோ அயோடின் மருந்தோ குடிக்கச் சொல்கிறார்கள். மிச்சம் மீதி மலத்தில் அது ஏறிப் படத்தில் பளிச்சென்று வெளுத்துத் தெரியும், பாலிப் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். இந்த வசதி உள்ள இடத்தில் பேதி மருந்தின் அளவைக் குறைத்தும் எடுக்க முடியும். முடியாதவர்கள், வயதானவர்கள், இதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கலாம்.

பேதி மருந்து என்றதும் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் பூர்வீகம் திருநெல்வேலி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரன்கள் நீங்கள். அதே திருநெல்வேலியிலிருந்து அதே காலத்தில் இன்னொன்றும் கப்பல் ஏறியது. நிலவாகை இலை. நிலாவாரை என்றும் சொல்வார்கள். வறண்ட செம்மண்ணில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போன இந்த இலையை, மேல்நாட்டு மருந்து நூல்கள் ‘டின்னவேலி சென்னா’ என்று ஊர்ப் பெயரோடேயே ஏற்றுக்கொண்டன. எக்ஸ்ரேக்கு முந்தின நாள் கொடுப்பதற்கென்றே சென்னா கலந்த மருந்துகள் வந்தன. உலகத்தில் எத்தனையோ வெள்ளைக்காரர்களின் குடல் நம்ம சீமை இலையால் சுத்தமாகிப் படமாகியிருக்கிறது. பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெருமையில், டாக்டர் கொடுத்த மருந்தை ஓரம் வைத்துவிட்டு நாட்டு மருந்துக் கடைச் சூரணத்தையும் விளக்கெண்ணெயையும் சாப்பிட்டு வராதீர்கள். பேதி ஆகும், குடல் இந்தச் சோதனைக்கு வேண்டிய அளவுக்குச் சுத்தமாகாது. வயிற்றை முறுக்கி எடுப்பதுதான் மிச்சம்.

இப்போது பெரும்பாலும் கொடுப்பது பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர். பெக்லெக் என்று கேட்டால் எந்த மெடிக்கலிலும் எடுத்துத் தருவார்கள். 1980இல் அமெரிக்காவின் டல்லாஸில் ஃபோர்ட்ரான் என்ற மருத்துவரின் குழு இந்தக் கலவையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வெறும் தண்ணீர் ஆகாரம், விளக்கெண்ணெய், எனிமா என்று ஆளை உருக்குலைத்துவிடுவார்கள். இந்தப் பவுடர் உடம்பில் சேராது, தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டே குடல் வழியாக இறங்கி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். உப்புகள் கணக்காகச் சேர்த்திருப்பதால் உடம்புத் தண்ணீர் அதிகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அந்தக் கணக்கு இரண்டு லிட்டருக்குப் போட்டது. ‘அவ்வளவு குடிக்க முடியாது’ என்று ஒரு லிட்டரில் கரைப்பவர்கள் அந்தக் கணக்கையே கெடுக்கிறார்கள்.

இன்னொரு வகை, பாஸ்பேட் திரவம். சின்ன பாட்டில், கொஞ்சம் குடித்தால் போதும், அதனால் ஆசையாக இருக்கும். சிலருக்கு அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்று 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை விட்டது. வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக வாங்கிக் குடிக்கவே கூடாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

பவுடர் குடித்தால் ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ ஆரம்பிக்கும். பத்துத் தடவை, அதற்கு மேலும் போகும். கடைசியில் மஞ்சள் தண்ணீராக, மூத்திரம் மாதிரித் தெளிவாக வந்தால்தான் சரி. தாராவி இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஆறு லட்சம் பேர் என்பாரும் உண்டு, பத்து லட்சம் என்பாரும் உண்டு. பெரும்பாலான வீடுகளுக்குப் பொதுக் கழிப்பறைதான். 2020இல் கொரோனா வந்தபோது மாநகராட்சி முதலில் ஓடிப்போய் மருந்தடித்தது அந்தக் கக்கூஸ்களில்தான். தொற்று அங்கேதான் கைமாறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தவர்களுக்குக் குடல் சீட்டு எழுதும்போது மட்டும் அந்தக் கக்கூஸ் நினைவுக்கு வருவதில்லை.

நேரம்தான் முதல் விஷயம். நம்ம கக்கூஸ்களில் வரிசை எப்போது நீளம்? விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது மணி வரை. அதே நேரத்தில்தான் பல சந்துகளில் குழாய்த் தண்ணீரும் வரும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூட்டம் இருக்காது, ஆனால் பெண்களுக்கு வழி சரியில்லை. பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை அமைதி. சீட்டில் எழுதியிருப்பதோ மாலை ஏழு மணிக்கு முதல் பாதி, விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டாம் பாதி. அதாவது, நமக்கு எந்த இரண்டு நேரம் ஆகாதோ அந்த இரண்டையும் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம் பாதியைச் சோதனைக்கு நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் ஆரம்பிப்பது வழக்கம். அப்படியானால் சோதனை காலை பத்து மணிக்கு என்றால் விடியற்காலையில் மாட்டிக்கொள்வீர்கள். மத்தியானம் இரண்டரைக்கு என்றால் ஒன்பது மணிக்குக் குடிக்கலாம், வரிசை கரைந்திருக்கும். முதல் பாதியை முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணிக்கே தொடங்கினால், இருட்டுவதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிடும். சில இடங்களில் சி.டி.க்கு முழு மருந்தையும் முந்தின நாளே முடிக்கச் சொல்வார்கள். அதையும் காலை பத்து பதினொன்றுக்கு ஆரம்பிக்க முடியுமா என்று கேட்கலாம். இதையெல்லாம் நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள். நேரம் எழுதித் தருகிற மேசையிலேயே நின்று, ‘எங்கள் வீட்டில் கக்கூஸ் இல்லை, மத்தியான நேரம் கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

மத்தியான நேரம் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வழி இடம். செம்பூரிலோ முலுண்டிலோ, சயானில் கட்டடத்துக்குக் குடி போன தங்கச்சி வீட்டிலோ, உள்ளே கக்கூஸ் இருக்கிற சொந்தம் யாராவது இருப்பார்கள். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் போய்த் தங்குகிறோம், இதற்கும் ஒரு ராத்திரி தங்கலாம். அப்படி யாரும் இல்லாத வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், முந்தின நாளே வார்டில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். எல்லோருக்கும் படுக்கை கிடைக்காது. கேட்காதவர்களுக்கு நிச்சயமாகக் கிடைக்காது.

வீட்டிலேயேதான் என்றால், மெடிக்கல் சாமான் கடைகளில் அடியில் பக்கெட் வைத்த கமோடு நாற்காலி கிடைக்கும், சில இடங்களில் வாடகைக்கும் தருவார்கள். ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டுங்கள். ஆம்பிளைகள் ஒரு சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தால் குடி முழுகிப் போகாது. மூட்டு வலிக்காரர்களுக்கு இது சௌகரியத்துக்காகச் சொல்வது இல்லை. பத்துத் தடவை குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எழுந்து, வெறும் வயிற்றில் தலை சுற்றி, வழுக்குகிற தரையில் விழுந்தால் குடலுக்கு வந்தவர் இடுப்பெலும்புக்குப் படுப்பார்.

பொதுக் கக்கூஸ்தான் கதி என்றால், காவலாளியிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள். ‘நாளைக்கு அம்மாவுக்கு ஆஸ்பத்திரி மருந்து, அடிக்கடி வருவாள்’ என்றால் மறுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. மாதச் சீட்டு இல்லாதவர்கள் ஒவ்வொரு தடவையும் சில்லறை தேடாமல் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். 2022இல் மாநகராட்சியும் ஒரு பெரிய கம்பெனியும் சேர்ந்து தாராவியில் நூற்றுக்கு மேற்பட்ட கழிப்பறைகளோடு சுவிதா மையம் ஒன்றைத் திறந்தார்கள். வெளிச்சமும் தண்ணீரும் உள்ள அந்த மாதிரி இடம் பக்கத்தில் இருந்தால் அதையே பாருங்கள். துணைக்கு ஒருவர் வேண்டும், கையில் டார்ச் வேண்டும். டார்ச் வழிக்கு மட்டும் இல்லை. தெளிந்த தண்ணீராக வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்களே, இருட்டுக் கக்கூஸில் எதைப் பார்ப்பது? தேங்காய் எண்ணெயோ வாசலினோ முன்னாலேயே தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாலாவது தடவைக்கு மேல் எரியும்.

தண்ணீர் கணக்கையும் மறக்காதீர்கள். கரைப்பதற்கு, இடையில் குடிப்பதற்கு, கழுவுவதற்கு என்று வழக்கத்தைவிட இரண்டு குடமாவது கூடப் பிடித்து வைக்க வேண்டும். கரைக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வையுங்கள். குளிரவைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். ஒரே மூச்சில் குடிக்காமல் பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.

மழைக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்டில் பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்தால் சயானும் கிங்ஸ் சர்க்கிளும் முழங்கால் தண்ணீர், ரயில் நின்றுபோகும். நம்ம சந்துக் கக்கூஸ்களின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை. முழு மருந்தையும் குடித்து முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை, எல்லாம் திரும்ப முதலிலிருந்து. அவசரம் இல்லாத சோதனை என்று டாக்டரே சொன்னால், அந்த மாதங்களைத் தள்ளி நாள் கேளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்து சக்கை குறைவான சாப்பாடு வேண்டும். அதிகாலையில் எழுந்து மாவு ஊற்றி மும்பைக்கே இட்லி அனுப்புகிற ஊர் இது. அந்த இட்லி ஆகும். வெறும் இட்லி. தேங்காய்ச் சட்னி ஆகாது, காய் மிதக்கிற சாம்பார் ஆகாது. வெள்ளைச் சோறு, தயிர், மோர், ரொட்டி, முட்டை ஆகும். கீரை, முருங்கைக்காய், கொய்யா, எள், கடலை, கேழ்வரகு, கம்பு, பழத்தோல், தக்காளி விதை எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். இதுதான் சத்தான சாப்பாடு என்று எல்லா டாக்டரும் சொல்கிற அத்தனையும் இந்த மூன்று நாள் விலக்கு. முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், இளநீர், வடிகட்டிய ரசம், எலுமிச்சைச் சாறு, பால் விடாத கட்டன் சாயா. சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் வேண்டாம். ரோஸ் சர்பத் குடித்துவிட்டு வந்தால் கேமராவில் ரத்தம் மாதிரித் தெரியும். வெற்றிலை பாக்கும் அப்படித்தான், அதற்குச் சமாதானம் சொல்லி என்னிடம் வாதாடிய அண்ணாச்சிமார் உண்டு.

மருந்துகளில் கவனிக்க வேண்டியது கொஞ்சம். ரத்தசோகைக்குச் சாப்பிடும் இரும்புச் சத்து மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக ஒட்டவைக்கும். சர்க்கரைக்காரர்கள் பட்டினி நாளில் வழக்கமான அளவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்குவார்கள், அளவை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. படம் தெளிவாக விழ ஊசி வழியாகக் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவார்கள் என்றால், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கிற பெண்கள் அதைச் சொல்லாமல் எக்ஸ்ரே அறைக்குள் நுழையவே கூடாது.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருப்பவர் இந்தப் பவுடரைத் தொடக் கூடாது. அது குடல் அடைப்பாக இருக்கலாம். அடைப்புக்கு மேல் இரண்டு லிட்டரை ஊற்றினால் உயிருக்கே ஆபத்து. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சி.டி. என்டரோகிராபிக்கு வருகிறேன் என்றேன். அதற்கு முந்தின நாள் பேதி பெரும்பாலும் வேண்டாம், சில மணி நேரப் பட்டினி போதும். ஆனால் அங்கே போனதும் ஒன்றரை லிட்டர் வரை மானிட்டால் மாதிரி ஒரு கரைசலை முக்கால் மணி நேரத்தில் குடிக்க வைப்பார்கள், குடல் விரிந்து தெரிவதற்காக. படம் எடுத்து முடிந்ததும் ‘போகலாம்’ என்பார்கள். போகாதீர்கள். அந்தக் கரைசல் அப்போதுதான் வேலையைத் தொடங்கும். பஸ்ஸிலும் ரயிலிலும் மாட்டிக்கொண்டு அவமானப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கக்கூஸ் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். பேரியம் குடித்தவர்களுக்கு இதற்கு நேர்மாறு. இரண்டு நாள் மலம் வெள்ளையாக வரும், இறுகியும் போகும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

தாராவியை இடித்துக் கட்டினால் வீட்டுக்கு ஒரு கக்கூஸ் வரும் என்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். மலத்தில் ரத்தம் போகிறவர் அதுவரை காத்திருக்க முடியாது. பல வாரம் வயிற்றுப்போக்கு, காரணம் இல்லாமல் எடை குறைவு, மலத்தில் ரத்தம், இவற்றில் ஏதாவது இருந்தால் மூலம் என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அறுபது அடி சாலையில் சோட்டா சயான் என்று நாம் சொல்கிற நகர்ப்புற சுகாதார மையம் இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். அவர்கள் பெரிய சயான் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஆஸ்பத்திரியிலும் தனியார் ஸ்கேன் சென்டரிலும் வேலை பார்க்கும் நம்ம பிள்ளைகள் சிலர் இருப்பது எனக்குத் தெரியும். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, அலர்ஜி உண்டா என்று நீங்கள் கேட்டு எழுதுகிற அதே படிவத்தில் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: வீட்டில் கக்கூஸ் உண்டா? இல்லை என்பவருக்கு மத்தியான நேரத்தை ஒதுக்கிவையுங்கள். மற்றவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். மத்தியான நேரம் இல்லை என்றால் முந்தின நாள் படுக்கை கேளுங்கள், இரண்டும் இல்லை என்றால் துணைக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் பவுடர் பாக்கெட்டைப் பிரியுங்கள்.